பழைய கணினிக்கு எந்தப் பதிப்பு? சரித்திர வாத்தியாரின் நீண்ட பதில்



கடந்த சில மாதங்களாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. "சார், வீட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. எதைப் போட்டாலும் ஏற மாட்டேங்குது. தூக்கிப் போட்டுடலாமா?" 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த இலவச ஆதரவு முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். பேரன் "லினக்ஸ் போடு" என்கிறான். பெரியவர்கள் நடுவில் நிற்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து வருடத்துப் போட்டோக்களும், கடிதங்களும், கணக்குகளும் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுடைய உண்மையான கவலை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் கணினி ஆசிரியர் இல்லை, சரித்திர ஆசிரியர். அதனால் சரித்திரமாகவே சொல்கிறேன். வரலாறு தெரிந்தால் எந்தப் பதிப்பைப் போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பதிப்பு எண் என்றால் என்ன? பத்தாம் வகுப்பில் சோழர் கல்வெட்டுப் பாடம் நடத்தியபோது சொன்னது நினைவிருக்கிறதா? கல்வெட்டில் "யாண்டு 5" என்று இருக்கும். அந்த 5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எந்த மன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்று தெரிய வேண்டும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். பட்டத்தையும், எழுத்தின் வடிவத்தையும், உள்ளே வரும் செய்தியையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறிஞர்கள் காலத்தைக் கணித்தார்கள்.

மென்பொருளின் பதிப்பு எண்ணும் அப்படித்தான். "பயர்பாக்ஸ் 52" என்பதில் 52 என்பது வெறும் எண். அது 2017-ல் வெளிவந்தது, விண்டோஸ் எக்ஸ்பி உயிரோடு இருந்த கடைசிக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரியும்போதுதான் அந்த எண் பேசத் தொடங்குகிறது. ஆகவே பழைய கணினிக்கு மென்பொருள் தேடுவது காலக்கணிப்பு வேலை. உங்கள் கணினி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதன் இயங்குதளம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, இந்த இரண்டோடும் பேசக்கூடிய மென்பொருள் எந்த ஆண்டில் நின்றது. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

■ எல்லாம் தொடங்கிய 1964

"பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடும்" என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. அது மனிதர்கள் எடுத்த முடிவு. 1960-களின் தொடக்கம் வரை ஒரு நிறுவனம் பெரிய கணினிக்கு மாறினால், பழைய கணினிக்காக எழுதிய நிரல்களை மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஒரே நிறுவனம் தயாரித்த இரண்டு கணினிகளே ஒன்றுக்கொன்று பேசாது. சம்பளக் கணக்கு, இருப்புக் கணக்கு எல்லாம் மீண்டும் முதலிலிருந்து.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறிதும் பெரிதுமாக ஆறு மாதிரிகள். சிறியதற்கு எழுதிய நிரல் பெரியதிலும் ஓடும். ஜீன் ஆம்டால் அதன் தலைமை வடிவமைப்பாளர். ஃபிரெட் புரூக்ஸ் திட்டத்தை நடத்தியவர். கம்பெனியின் எதிர்காலத்தையே பணயம் வைத்த முயற்சி என்று அன்று பேசப்பட்டது. அது பலித்தது. அன்று கொடுத்த வாக்கை ஐபிஎம் இன்றைய பெருங்கணினிகளிலும் காப்பாற்றி வருகிறது. பொருத்தப்பாடு என்பதை வாடிக்கையாளருக்கு விற்கக்கூடிய ஒரு வாக்குறுதியாக ஆக்கியது அந்த நாள்தான்.

ஆனால் அந்த வாக்குறுதிக்கு ஒரு திசைதான் உண்டு. இதை நன்றாக மனதில் வையுங்கள். பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடும் என்று வாக்குக் கொடுக்கலாம். புதிய மென்பொருள் பழைய கணினியில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பேரனுக்குத் தாத்தாவின் பேச்சு புரியும். பேரன் நாளைக்கு உண்டாக்கப்போகும் சொல் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?

■ பொய் சொல்லிக் காப்பாற்றிய காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதனுடன் டாஸ் வந்தது. டாஸ் 2, 3, 4 என்று வளர்ந்தது. நிரல் எழுதியவர்கள் சிலர், "இந்த நிரல் டாஸ் இன்ன பதிப்பில் மட்டும்தான் ஓடும்" என்று உள்ளே ஒரு சோதனை வைத்துவிட்டார்கள். புதிய டாஸ் வந்தபோது, ஓடக்கூடிய நிரல்கூட எண்ணைப் பார்த்துவிட்டு ஓட மறுத்தது.

1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5-ல் இதற்கு ஒரு வேடிக்கையான மருந்து வைத்தார்கள். செட்வெர் என்று ஒரு கட்டளை. எந்த நிரல் கேட்டால் எந்தப் பதிப்பு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கும். நிரல் வந்து "நீ யார்?" என்று கேட்டால், டாஸ் 5 தன்னை டாஸ் 3 என்று சொல்லிக்கொள்ளும். நிரலும் திருப்தியாக ஓடும். இன்றைக்கு விண்டோஸில் ஒரு நிரலின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் "கம்பாட்டிபிலிட்டி" என்ற பக்கத்தைத் திறந்தால் "எக்ஸ்பி போல ஓட்டு", "விண்டோஸ் 7 போல ஓட்டு" என்று வருகிறதே, அது இந்த வம்சத்தில் வந்த பிள்ளைதான்.

விண்டோஸ் 95 வந்த கதை இன்னும் சுவையானது. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற மென்பொருள் எழுத்தாளர் 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சிம்சிட்டி என்ற புகழ்பெற்ற விளையாட்டில் ஒரு பிழை. "இந்த நினைவகம் எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி அதையே மறுபடி பயன்படுத்தும். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பது மாதிரி. பழைய சூழலில் வீடு காலியாகவே கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. புதிய விண்டோஸில் வேறு குடித்தனம் வந்துவிடும். ஆட்டம் நொறுங்கியது. மைக்ரோசாப்ட்காரர்கள் சிம்சிட்டியைப் பிரித்துப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு, ஓடுவது சிம்சிட்டி என்றால் அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் காலியாகவே விட்டுவை என்று விண்டோஸிலேயே தனி ஏற்பாடு செய்தார்கள். பிழை அடுத்தவனுடையது. திருத்தம் இவர்களுடையது. பழைய மென்பொருள் ஓடவில்லை என்றால் மக்கள் புதிய விண்டோஸைத்தான் குறை சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே "பழையது புதியதில் ஓடுகிறது" என்றால் அதன் பின்னால் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். "புதியது பழையதில் ஓடவில்லை" என்றால் அந்தப் பாட்டைப் படுவதை யாரோ ஒரு நாள் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நிறுத்திய நாள்தான் நமக்கு வேண்டிய தேதி.

■ ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

ஒரு சமையல்காரரைக் கல்யாண வீட்டுக்கு அழைக்கிறோம். அவர் அண்டா, கரண்டி எல்லாம் தூக்கிக்கொண்டு வருவதில்லை. "கிரைண்டர் இருக்கா, கேஸ் அடுப்பு இருக்கா" என்று கேட்டு, வீட்டில் இருப்பதை வைத்துச் சமைப்பார். மென்பொருளும் அப்படித்தான். திரையில் ஒரு சன்னலைத் திறக்க, கோப்பைச் சேமிக்க, எழுத்தைக் காட்ட, எல்லாவற்றுக்கும் இயங்குதளத்தைத்தான் கேட்கும். 2020-ல் எழுதிய மென்பொருள் 2001-ல் கட்டிய வீட்டுக்குள் வந்து 2012-ல் வாங்கிய கிரைண்டரைக் கேட்டால் எங்கே போவது? அப்போதுதான் "கெர்னல்32 கோப்பில் இன்னது கிடைக்கவில்லை" என்ற செய்தி வருகிறது. வைரஸோ, வன்தட்டுக் கோளாறோ என்று பயப்பட வேண்டாம். கேட்ட சாமான் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அதே மென்பொருளின் பழைய பதிப்பை அழைத்தால் இருப்பதை வைத்துச் சமைத்துவிடும்.

இன்னொரு செய்தி, "இது சரியான வின்32 நிரல் அல்ல" என்பது. பெரும்பாலும் இதற்குக் காரணம் பிட் கணக்கு. அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

16 பிட்டில் 65,536 முகவரிகளைத்தான் எழுத முடியும். இன்டெல் 386 சில்லு 1985-ல் வந்தபோது 32 பிட் நம் மேசைக்கு வந்தது. 32 பிட்டில் 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட முகவரிகள். அதாவது 4 ஜிபி. அன்றைக்கு அது கடல் போலத் தெரிந்தது. பிறகு அதுவும் குட்டையாகிவிட்டது. 2003-ல் ஏஎம்டி நிறுவனம் பழைய 32 பிட் நிரல்களும் ஓடக்கூடிய 64 பிட் சில்லைக் கொண்டுவந்தது. இன்டெல்லும் பின்னர் அதே வழிக்கு வந்தது.

இதிலிருந்து மூன்று செய்திகள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் ஓடாது. 64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள் ஓடாது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய கணக்கு மென்பொருளோ தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ வைத்திருப்பவர்கள் புதுக் கணினிக்கு மாறியதும் அது அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம். பழைய பிரிண்டர், ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றுக்கான டிரைவர் 32 பிட்டில் மட்டும் வந்திருந்தால் 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது.

■ நம் எழுத்தின் கதை

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு மனம் கனக்கும் பகுதி இதுதான். நம்மில் பலர் 1990-களில் கணினியில் தமிழில் எழுதத் தொடங்கியவர்கள். அன்றைய எழுத்துருக்கள் 256 இடங்களே உள்ள ஒரு பெட்டிக்குள் தமிழ் எழுத்துகளை அடைத்து வைத்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலகத் தமிழர்கள் இணைய மடலாடல் குழுக்களில் கூடி உருவாக்கிய திஸ்கி என்ற முறையும் புழக்கத்தில் இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பாமினி எழுத்துரு பரவியிருந்தது. இந்த வேளையில் யுனிகோடு என்ற உலகப் பொதுமுறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்தால் போதுமா? திரையில் காட்ட இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டாமா? "கொ" என்பது யுனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த முதல் விண்டோஸ், 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000. லதா எழுத்துரு அதனோடுதான் வந்தது.

2001-ல் வந்த எக்ஸ்பியிலும் அந்தத் திறமை இருந்தது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் "ரீஜனல் அண்ட் லாங்குவேஜ்" பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்து மொழிகளுக்கான கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி சிடியை உள்ளே வைத்துத்தான் எழுப்ப வேண்டும். ஊரெங்கும் எக்ஸ்பி இருந்தும் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த கதைக்கு அந்த ஒரு டிக் காரணம். விஸ்டாவிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யுனிகோடைத் தரமாக ஏற்றது. எங்கெல்லாம் யுனிகோடு பயன்படுத்த முடியவில்லையோ அங்கே டேஸ்16 என்ற முறையையும் அனுமதித்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? உங்கள் பழைய கணினியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தட்டச்சு செய்த ஊர் வரலாறு, அப்பா எழுதிய கவிதை, கோயில் திருப்பணிக் கணக்கு ஏதாவது இருந்தால், அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்தால் போதாது. விண்டோஸ் உறைக்குள் ஃபாண்ட்ஸ் என்ற உறை இருக்கும். அதிலுள்ள தமிழ் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் எந்தக் காலத்திலும் படிக்கலாம். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகளால் யுனிகோடுக்கு மாற்றியும் விடலாம். எழுத்துருவைக் கணினியோடு சேர்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால், வாசிக்க ஆளில்லாத கல்வெட்டாகிவிடும் அது.

■ எந்த அரசன், எந்த ஆண்டு?

இப்போது நடைமுறைக் கணக்கு. மூன்று அரசர்களின் ஆட்சிக் காலத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பி: 2001 அக்டோபர் முதல் 2014 ஏப்ரல் 8 வரை. இதில் ஓடிய கடைசி குரோம் 49, கடைசி பயர்பாக்ஸ் 52 இ.எஸ்.ஆர். வரிசை. அதற்கும் 2018-ல் திருத்தங்கள் நின்றுவிட்டன. லிப்ரே ஆபீஸில் 5.4 வரை. மைக்ரோசாப்ட் ஆபீஸில் 2010 வரை. விஎல்சி பிளேயரை மட்டும் பாராட்ட வேண்டும். அதன் 3.0 வரிசை எக்ஸ்பியையும் கைவிடவில்லை. ஆனால் எதைப் போடுவதற்கு முன்னாலும் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 3 இருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் அதைத்தான் வாசற்படியாக வைத்திருக்கின்றன.

விண்டோஸ் 7: 2009 அக்டோபர் முதல் 2020 ஜனவரி 14 வரை. கடைசி குரோம் 109. பயர்பாக்ஸில் 115 இ.எஸ்.ஆர். வரிசை. விண்டோஸ் 7-க்கு இன்னும் ஏராளமானோர் இருப்பதைப் பார்த்து அந்த வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மொசில்லா பல முறை நீட்டித்தது. லிப்ரே ஆபீஸில் 25.2 வரிசை வரை. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016 வரை ஓடும், 2019 ஓடாது. மாணவர்கள் பைத்தான் கற்க வேண்டுமென்றால் 3.8 வரை. இங்கும் சர்வீஸ் பேக் 1 அவசியம்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் மடிக்கணினி வாங்கிய என் மாணவர்கள் பலர். தம்பி, தங்கச்சி, உங்கள் கணினி இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. இன்றைய தேதிக்கு அதைக் காட்சிப் பொருளாக்க வேண்டிய அவசியமில்லை. கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் 10: 2015 ஜூலை 29 முதல் 2025 அக்டோபர் 14 வரை. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. இதில் மென்பொருள் பஞ்சம் இப்போதைக்கு இல்லை. விண்டோஸ் 11-க்குப் போக 64 பிட் சில்லு, 4 ஜிபி நினைவகம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி எல்லாம் வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் பல கணினிகள் வெளியே நிறுத்தப்படுவது இந்த வாசலில்தான்.

உங்கள் வீட்டில் எந்த அரசர் ஆட்சி என்று அறிய, "மை கம்ப்யூட்டர்" அல்லது "திஸ் பிசி" மேல் வலது பொத்தானை அழுத்திப் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். பெயர், சர்வீஸ் பேக், 32 பிட்டா 64 பிட்டா, நினைவகம் எவ்வளவு எல்லாம் அங்கே இருக்கும். "32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 சில்லு" என்று போட்டிருந்தால், உங்கள் கணினியால் 64 பிட் இயங்குதளத்தையும் ஓட்ட முடியும் என்று பொருள். இன்னொன்று, உள்ளே இருக்கும் எண் வேறு. விண்டோஸ் 7-இன் உள்ளெண் 6.1. எக்ஸ்பியின் உள்ளெண் 5.1. "6.1 அல்லது அதற்கு மேல் வேண்டும்" என்று ஒரு மென்பொருள் கேட்டால் விண்டோஸ் 7 இருந்தால் போதும் என்று அர்த்தம். பட்டப்பெயர் ஒன்று, இயற்பெயர் ஒன்று. ராஜராஜனுக்கு அருள்மொழி மாதிரி.

■ எல்லாம் சரி, இணையம் மட்டும் திறக்கவில்லை

ஒரு வங்கித் தளத்தையோ அரசுத் தளத்தையோ திறந்தால், "இந்த இணைப்பு பாதுகாப்பற்றது" என்று பழைய கணினி அலறும். இணையதளங்கள் தம்மை யார் என்று நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டும். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மூல அதிகாரி யார் என்ற பட்டியல் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். பழைய கணினியில் பட்டியலும் பழையது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்றிலிருந்து உலகெங்கும் பல பழைய கருவிகளில் பல தளங்கள் திறக்காமல் போயின. தவிர, டி.எல்.எஸ். என்ற ரகசியப் பேச்சு முறையின் 1.0, 1.1 பதிப்புகளை முக்கிய பிரவுசர்கள் 2020-ல் கைவிட்டன. பயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், பழைய கணினிகளில் மற்றவற்றைவிடக் கூடுதல் தளங்களைத் திறக்கும்.

இதைப் படித்துவிட்டு எதையாவது மாற்றுவதற்கு முன், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தேதி 2002 என்றோ 2009 என்றோ காட்டினால் சிக்கல் மென்பொருளில் இல்லை. மதர்போர்டில் இருக்கும் பொத்தான் வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் சிஆர் 2032 என்ற வகை. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். இன்றைய சான்றிதழைப் பார்த்து, "இன்னும் பிறக்காத ஆள் எப்படி வந்தான்?" என்று கணினி சந்தேகப்படுகிறது, அவ்வளவுதான். சில்லறைச் செலவில் முடியும் காரியத்துக்குப் புதுக் கணினி வாங்க வைப்பவர்களும் உண்டு.

■ அபாயம் எங்கே இருக்கிறது?

2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தாக்குதல் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு ஆகியும் எக்ஸ்பிக்கு அவசரத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. பழைய இயங்குதளம் கெட்டது என்பதல்ல இதன் பாடம். திருத்தம் நின்றுபோன கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது, பூட்டு உடைந்த வீட்டில் நகை வைப்பது போன்றது.

இன்னொரு அபாயம் நம் தேடலிலேயே இருக்கிறது. "பழைய பதிப்பு இலவச டவுன்லோடு" என்று தேடினால் முதலில் வருபவற்றில் பல, மென்பொருளோடு விளம்பரப் பூச்சியையும் சேர்த்து இறக்குபவை. மொசில்லா, லிப்ரே ஆபீஸ், விஎல்சி மூன்றும் தங்கள் பழைய பதிப்புகளையெல்லாம் தங்கள் சொந்தத் தளத்திலேயே காப்பகமாக வைத்திருக்கின்றன. ஆவணக் காப்பகம் இருக்கும்போது நடைபாதையில் ஓலைச்சுவடி வாங்குவானேன்? இறக்கும்போது முழுக் கோப்பாக இறக்குங்கள். ஒரு எம்பி, இரண்டு எம்பி அளவில் வரும் சின்னக் கோப்பு, ஓடும்போது இணையத்திலிருந்து புதிய பதிப்பை இழுத்து வந்து, "உங்கள் கணினிக்கு ஆகாது" என்று நின்றுவிடும்.

■ ஆக, என்ன செய்யலாம்?

முதல் வேலை, நகல் எடுப்பது. போட்டோ, கோப்பு, எழுத்துரு மூன்றையும் இரண்டு இடங்களில். இது முடியாமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

எக்ஸ்பி கணினி என்றால் இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பழைய பிரிண்டருக்கும், பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்கவும், பாட்டுக் கேட்கவும் அது இன்னும் உழைக்கும். பணம், கடவுச்சொல் எதையும் அதில் கொண்டுவராதீர்கள்.

விண்டோஸ் 7 கணினியில் எழுத்து வேலை, பாட்டு, படம் எல்லாவற்றையும் மேலே சொன்ன கடைசிப் பதிப்புகளால் நடத்தலாம். வங்கி வேலை மட்டும் வேண்டாம். தொடர்ந்து இணையத்தில் இருக்க வேண்டும் என்றால் லினக்ஸுக்கு மாறுவதே நல்லது. சில்லு 64 பிட் என்றால் லினக்ஸ் மின்ட் போன்றவை தாராளமாகப் பொருந்தும். 32 பிட் மட்டும்தான் என்றால் அங்கேயும் கதவு சாத்தப்பட்டு வருகிறது. உபுண்டு 2017-லேயே 32 பிட் மேசைக் கணினிப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. 2023-ல் வந்த டெபியன் 12-தான் அந்தக் கணினிகளுக்கு ஏற்றது. அதற்கு 2028 வரை நீண்டகால ஆதரவு உண்டு. இரண்டு ஜிபி நினைவகமும், தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் அந்தப் பழைய பெட்டி நடப்பதைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பதற்றப்படாமல், நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டு, கிடைத்த அவகாசத்தில் யோசித்து முடிவு செய்யுங்கள்.

சரித்திரத்தில் எந்த ஆட்சியும் ஒரே நாளில் முடிந்ததில்லை. ஆணை நின்ற பிறகும் அவன் அடித்த காசு சந்தையில் கொஞ்ச காலம் செல்லும். எதுவரை செல்லும், எந்தக் கடையில் செல்லாது என்று தெரிந்தவன் ஏமாற மாட்டான். உங்கள் கணினியின் பெயர், பிட், நினைவகம் மூன்றையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்களும் வந்து சொல்லுங்கள். வாத்தியாருக்கே பாடம் எடுக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.